கூட்டில் பாதி

உயிர்கள் எல்லாம் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், ஆற்றோர வேம்பில் பேச்சி என்ற காக்கை கூடு கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கிளையில் செல்லையா என்ற குயில் அவளுக்காகப் பாடினான். ஒரு கூவலுக்கு ஒரு சுள்ளி. அவன் குரல் படிப்படியாக ஏறும். உச்சியில் நிற்கும்போது அவள் சுள்ளியும் இடுக்கில் சிக்கி நிற்கும். பங்குனி முழுக்க இப்படியே போயிற்று.

விளிம்பு மட்டும் மிச்சமிருந்தபோது செல்லையா கேட்டான்:

"அக்கா, என் பொண்டாட்டி கோமதிக்கு முட்டையிடும் நேரம். பாடினதுல எனக்குக் கூடு கட்ட நாளில்லாமப் போச்சு. நாலு நாள் வந்து கட்டிக் கொடு."

"பாட்டுக்கா? அலகு தேய உழைச்சது நான். உனக்கு வாயைத் திறந்தா வருது. அத்திப்பழம் தர்றேன், தின்னு."

"அந்த உச்சிக்குப் போக மூணு வருஷம் ஆச்சுக்கா."

செல்லையா பழத்தைத் தொடவில்லை. அதன்பின் பாடவுமில்லை.

மறுநாள் பேச்சி வைத்த சுள்ளிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. தானே பாடிப் பார்த்தாள். கேட்ட அவள் கணவன், "நிறுத்துடி, கட்டின கூடும் ஓடிடப்போகுது" என்றான்.

எதிர்க்கிளையில் கோமதி கண்மூடி, வலியோடு உட்கார்ந்திருந்தாள். பேச்சி வெகுநேரம் அவளையே பார்த்தாள். பிறகு பறந்துபோய்ச் செல்லையாவின் பக்கத்தில் அமர்ந்தாள்.

"தம்பி, நான் சொன்னது தப்பு. அது நாம ரெண்டு பேரும் கட்டின கூடு. பாதி உன்னுது."

செல்லையா பாடினான். பொழுது சாய்வதற்குள் விளிம்பு முடிந்தது. இரண்டு பெண்களும் அதில் முட்டையிட்டார்கள்.

"அடைகாக்க நானும் வரட்டுமாக்கா?" என்றாள் கோமதி.

"எதுக்கு? நான் உட்கார்ந்தா எல்லாத்துக்கும் சூடு ஒண்ணுதான். நீ அவன் தொண்டையைப் பார்த்துக்கோ."

அன்று முதல்தான் காக்கையின் கூட்டில் குயிலின் முட்டையும் இருக்கிறது. காக்கை ஏமாந்துவிட்டது என்கிறோம். தன் முட்டை எது என்று அதற்குத் தெரியும். பங்குனியில் அது குயிலைக் கிளை கிளையாகத் துரத்துவதுகூட விரட்டுவதற்கு அல்ல. கூலி கொடுத்தாயிற்று, சும்மா உட்கார்ந்திருக்கிறாயே, பாடு என்பதற்குத்தான்.