சறுக்குப்பாறைக்குக் கீழே போன படை

ஒரு காட்டில் படை மந்திரியாக ஒரு நரி இருந்தது, பிள்ளைகளே. வாயைத் திறந்தால் மூடாது. மலைக்கு அந்தப் பக்கம் கரடிகளுக்கும் ஓநாய்களுக்கும் சண்டை மூண்டபோது, "கரடிகளுக்கு நாம் கைகொடுப்போம்!" என்று முழங்கி, காட்டின் இளவட்டங்களையெல்லாம் அங்கே அனுப்பிவிட்டது.

அப்படிப் போனவர்களில் ஒருவர், வேலம்மாள் என்ற முள்ளம்பன்றியின் கணவர்.

மழை வந்து போனது. பனி வந்து போனது. படை வரவில்லை. வளைக்குள் அவர் படுக்கும் பக்கத்தை வேலம்மாள் தினமும் பெருக்கி வைப்பாள். தூக்கத்தில்கூட அந்தப் பக்கம் புரளமாட்டாள். கிழங்கு தோண்டினால் நல்ல பாதியை அவருக்கென்று ஒதுக்குவாள். மீதியைத் தின்ன மனம் வராமல் அதையும் அங்கேயே வைத்துவிடுவாள்.

அந்தக் காட்டுச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கேள்வி கேட்டுவிட்டால், 'பதில் கிடைத்தது' என்று கேட்டவரே சொல்லும்வரை யாரும் இரை தேடப் போகக்கூடாது. நரிக்கு இது ரொம்ப வசதி. அது மூச்சுவிடாமல் பேசும்; பசி தாங்காமல், "கிடைத்தது, கிடைத்தது" என்று கேட்டவரே ஓடிவிடுவார்.

ஒருநாள் சபையில் வேலம்மாள் எழுந்தாள். "படை எந்த வழியாகத் திரும்பும்? அதற்குத் திட்டம் என்ன?"

"வீரம் என்றால் என்ன தெரியுமா, அம்மணி?" என்று தொடங்கியது நரி. கரடிகளின் நன்றியைப் பற்றிப் பேசியது. பொழுது உச்சிக்கு வந்தது. தன் பாட்டனாருடைய வாலின் நீளத்தைப் பற்றிப் பேசியது. பொழுது சாய்ந்தது.

சபைத் தலைவர் யானையின் வயிறு உறுமிய உறுமலில், மழை வருகிறதென்று மயில்கள் தோகை விரித்துவிட்டன.

"கிடைத்ததென்று சொல்லித் தொலையேன், தாயி!" என்று கெஞ்சியது காட்டெருமை.

"கேட்டதுக்குப் பதில் வரலையே, அண்ணே. அவர் போன நாளிலிருந்து எனக்குப் பசிங்கிறதே கிடையாது. நாளைக்கும் உட்கார்ந்திருப்பேன்."

நரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் குடலும் சுருண்டுகொண்டுதானே இருந்தது! மறுநாள் பொழுது சாய்வதற்குள் தொண்டை கம்மி, கால் மடங்கிவிட்டது.

"திட்டமாவது மண்ணாவது! போகும்போது சறுக்குப்பாறையில் ஜோராகச் சறுக்கி இறங்கினார்கள். ஏறுவது எப்படி என்று யார் யோசித்தது?"

"ஐயோ, என் பையனும் அங்கேதானே இருக்கான்!" என்றது காட்டெருமை. அதன்பிறகு அது பசியைப் பற்றிப் பேசவேயில்லை.

எழுந்திருக்காமலே சபை திட்டம் போட்டது. வரையாடுகள் ஏறும் தடத்தைப் பன்றிகள் கிளறி அகலமாக்க வேண்டும். காயம்பட்டவர்கள் முதலில் ஏற வேண்டும். துரத்திவரும் ஓநாய்கள்மேல் யானைகள் கல் உருட்ட வேண்டும்.

"கடைசியா ஏறுறவருக்குக் காவல் யாரு?" என்று கேட்டாள் வேலம்மாள்.

"நான் நிற்கிறேன்," என்றது யானை.

அப்புறம்தான், "கிடைத்தது" என்றாள்.

படை திரும்பிய அன்று அவள் பாறை விளிம்பில் நின்றாள். ஒவ்வொரு முகமாக ஏறி வந்தது. எதுவும் அவர் முகம் அல்ல. வெயில் தாழ்ந்து தடம் வெறிச்சோடியபின், நொண்டிக்கொண்டே கடைசி ஆளாக அவர் வந்தார். முதுகில் பாதி முள் இல்லை.

அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன புள்ள, இப்படித் துரும்பா இளைச்சிட்டே?"

"சபையில கொஞ்சம் வேலை இருந்துச்சுங்க," என்றாள் வேலம்மாள்.

நீதி: அயலார் சண்டைக்கு ஆள் அனுப்புகிறவரிடம், போனவர்கள் திரும்பி வரும் வழியைக் கேட்டு வாங்காமல் சபை கலையக் கூடாது.