சுருளி கவிழ்த்த தெப்பங்கள்

மூங்கில் காட்டில் குட்டி விலங்குகளுக்கென்று ஒரு சாரணர் படை இருந்தது. தலைவன் சித்திரன் என்கிற மயில். அன்றைக்கு ஓடைக்கரையில் தெப்பம் கட்டும் பயிற்சி.

சித்திரன் கொஞ்ச நேரத்திலேயே ஒரு தெப்பம் கட்டிவிட்டான். ஒல்லியாக, நீளமாக, ஓரமெல்லாம் பூச்செருகி, அப்படி ஒரு அழகு! தண்ணீரில் விட்டான், மிதந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

சுருளி என்ற கீரிப்பிள்ளை மட்டும் தள்ளி ஒரு குட்டையில் வேலையாக இருந்தாள். தெப்பம் கட்டுவாள். ஒரு முயல்குட்டி கனத்துக்கு ஒரு கல் என்று மேலே ஏற்றுவாள். கவிழும். பிரித்துப்போட்டு மறுபடி கட்டுவாள்.

"என்ன சுருளி, தெப்பம் கட்டச் சொன்னா மூழ்கடிச்சுக்கிட்டு இருக்கியே?" என்றான் சித்திரன்.

"எப்போ கவிழும்னு தெரியணுமே அண்ணே!"

"பதினொண்ணாவதும் போச்சுடோய்!" என்று ஒரு குரங்குக்குட்டி உருண்டு உருண்டு சிரித்தது.

சிரித்தால் சிரிக்கட்டுமே! அவளுக்குக் கோபமே வரவில்லை. இந்தக் கீரியை எனக்குப் பிடித்ததே அதனால்தான். அடுத்ததை அகலமாக, மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டினாள். இரண்டு கல் தாங்கியது. மூன்றாவதை வைத்ததும் கவிழ்ந்தது. "ம், ரெண்டுதான்" என்று தலையாட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் மலையில் பெய்த மழைத்தண்ணீர் திமுதிமுவென்று ஓடையில் இறங்கியது.

"ஐயோ, என் பிள்ளைங்க!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள் வெள்ளச்சி முயல். நடு ஓடையில் இருந்த திட்டில் அவளுடைய மூன்று குட்டிகளும் புல் மேய்ந்துகொண்டிருந்தன. சுற்றிலும் தண்ணீர் ஏறியது.

சித்திரன் சட்டென்று தன் தெப்பத்தைத் தள்ளினான். குரங்குக்குட்டி அதில் ஒரு காலை வைத்ததுதான் தாமதம், தெப்பம் புரண்டது. பூவும் மூங்கிலும் வெள்ளத்தோடு போயின. சித்திரனுக்கு முகம் செத்துவிட்டது.

சுருளி தன் தெப்பத்தை இழுத்து வந்தாள். அதன் இரண்டு பக்கமும் நீளமான கொடி கட்டினாள்.

"அண்ணே, உங்களுக்குத்தான் றெக்கை இருக்கு. இந்த நுனியைத் திட்டுப் பாறையில கட்டிடுங்க. அந்த நுனியைக் கரையில எல்லாரும் பிடிச்சுக்கட்டும்!"

சித்திரன் கொடி நுனியை அலகில் கவ்விக்கொண்டு பறந்தான். அவன் கட்டியதும் சுருளி தெப்பத்தில் ஏறி, கொடியைப் பிடித்து இழுத்து இழுத்தே திட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"மூணையும் ஏத்து! நேரமில்லை!" என்று கத்தினான் சித்திரன்.

"முடியாது அண்ணே. மூணு ஏத்தினா கவிழும். கண்ணால பாத்தேன்."

"அப்போ மூணாவது?"

"அவன்கூட நான் நிக்கிறேன்."

இரண்டு குட்டிகளோடு தெப்பம் கரைக்குப் போனது. வெள்ளச்சி அவற்றை அணைத்துக்கொண்டு, "இன்னொண்ணு எங்கே? என் கடைக்குட்டி எங்கே?" என்று கதறினாள்.

திட்டில் தண்ணீர் சுருளியின் வயிற்றைத் தொட்டது. குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டாள்.

"அக்கா, பயமா இருக்கு!"

"எனக்குந்தான்டா. கெட்டியாப் பிடிச்சுக்கோ."

கொடியை இழுத்தாள். காலியான தெப்பம் ஆடி ஆடி வந்து சேர்ந்தது. குட்டியை நடுவில் உட்காரவைத்தாள். அவள் கனமே இரண்டு குட்டிக் கனம் இருக்கும். கூடவே ஏறினால் கவிழும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தெப்பத்தின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினாள்.

"இழுங்கடா!" என்று கத்திக்கொண்டே சித்திரன் கரைக்குப் பறந்து, அவனும் அலகால் கொடியைப் பிடித்து இழுத்தான். தோகையெல்லாம் சேறு. அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெப்பம் கரை தட்டியது. கடைக்குட்டி தாயிடம் தாவியது. சுருளி மூச்சு வாங்கிக்கொண்டு சேற்றில் படுத்துக் கிடந்தாள்.

கீரியைக் கண்டாலே புதருக்குள் ஓடி ஒளிகிற வெள்ளச்சி, நேராக நடந்து வந்தாள். "என் தாயே!" என்று சுருளியின் ஈர முகத்தை நக்கிக் கொடுத்தாள்.

கையால் செய்து, தவறிப்போய், மறுபடி செய்து கற்றுக்கொண்டதுதான் ஆபத்தில் உயிரைக் காப்பாற்றும்.