ராஜா செய்த போணி

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டுக்குள் கொள்ளைநோய் புகுந்துவிட்டது. ஒருவரும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று ராஜா தண்டோரா போடச் சொன்னார். நல்ல ஆணைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் நெய்த துணியும் வனைந்த பானையும் வாங்க ஆளில்லாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அரண்மனைக் களஞ்சியத்தில் மட்டும் நெல் கூரையை முட்டிக்கொண்டிருந்தது.

அரண்மனை விகடகவி கூத்தபிரானுக்கு இன்னொரு பஞ்சமும் சேர்ந்துகொண்டது. ஒண்டிக்கட்டை மனுஷர். சபை நின்றுபோனபின் அவர் விகடத்தைக் கேட்க நாதியில்லை. சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவர் எங்கே சிரிக்கும்? முன்பெல்லாம் பக்கத்து வீட்டுக் குயவச்சி பேச்சியாயியாவது, "சும்மா கெடய்யா, பாவி மனுசா!" என்று திட்டுவாள். இப்போது பசியில் அவளுக்குத் திட்டவும் தெம்பில்லை. அந்த மௌனத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் ராஜா, மந்திரி அரிகேசரியையும் கூத்தபிரானையும் தனி அனுமதி கொடுத்து வரவழைத்து, உப்பரிகையில் நின்றபடி குறைப்பட்டுக்கொண்டார்.

"புதன்சந்தை இரைச்சலைக் கேட்காமல் எமக்குப் பொழுதே போகவில்லை. சந்தை கூடியாக வேண்டும்!"

"பிரபு, ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள். முதலில் களஞ்சியத்தைத் திறவுங்கள்" என்றார் கூத்தபிரான்.

ராஜா தன் பேச்சுக்குத் தலையாட்டுவார், கூத்தபிரான் பேச்சுக்குத்தான் சிரிப்பார் என்று மந்திரிக்கு வெகுநாள் எரிச்சல். "சும்மா அள்ளிக் கொடுத்தால் குடிகள் சோம்பேறிகளாவார்கள், பிரபு. விகடகவியார் கெட்டிக்காரராயிற்றே! ஒரு குடியும் வாசல் தாண்டாமல் நாளைச் சந்தையைக் கூட்டிக் காட்டட்டும். காட்டினால் களஞ்சியம் திறக்கட்டும். தவறினால் இனி அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது" என்றார்.

"ஆகட்டும். ஒரு சந்தேகம், பிரபு. வாசல் தாண்டக் கூடாதென்ற ஆணை மந்திரியாருக்கும் உண்டா?" என்று கேட்டார் கூத்தபிரான்.

"உண்டு."

"வண்டிக்காரனுக்கும்?"

"எம் குடிகள் அனைவருக்கும்."

"தங்களுக்கு?"

ராஜா மீசையை முறுக்கினார். "யாம் குடியா? யாம் அரசன்!"

"அப்படியானால் நாட்டில் சந்தைக்குப் போகக்கூடியவர் தாங்கள் ஒருவர்தான். அவரவர் வாசலில் சரக்கு இருக்கும். தாங்கள் நெல்வண்டியோடு வந்து வாங்க வேண்டியதுதான்."

"களஞ்சியம் பிறகுதானே?" என்று மந்திரி பதறினார்.

"வாங்க வருகிறவர் வெறுங்கையோடு வந்தால் அது சந்தையா, மந்திரியாரே?"

கூத்தபிரான் வீடு திரும்பும்போதே, நாளை அவரவர் சரக்கை வாசலில் வையுங்கள் என்று தெருத்தெருவாகக் கூவிச் சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ராஜாவே வண்டியை ஓட்டினார். மாடுகள் அவர் சொல்லை மதிக்கவேயில்லை. அவ்வளவு நீளத் தெருவில் வேறொரு மனித முகமில்லை. மந்திரி வீட்டு வாசலில் விற்க ஒன்றுமே இல்லை. பேச்சியாயி வாசலில் பானைகள் இருந்தன.

"யாருப்பா அது, போணி பண்ண வந்தியா?" என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

"ஆமாம்மா. பானை என்ன விலை?"

"மூணு படி நெல்லு. போணியாச்சே, ரெண்டு படி குடு, போதும்."

முதல் போணிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புவது அந்த ஊரில் வழக்கமில்லை. ராஜா இரண்டு படிக்குப் பதிலாக இரண்டு மூட்டைகளையே இறக்கி வைத்துவிட்டு, எல்லாப் பானைகளையும் எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார். கதவு திறந்தது. அவள் நெல்லை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

"மகராசனா இருப்பே, சாமி!" என்றாள், அவர் யாரென்று தெரியாமலே.

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது.

கூத்தபிரான் வீட்டுக்கு வரும்போது நெல் தீர்ந்து வண்டி நிறையப் பானையும் துணியுமாக இருந்தது. அவர் வாசலிலோ ஒன்றுமில்லை.

"விகடகவியாரே, உம் சரக்கு எங்கே?"

"ஒரே ஒரு விகடம் இருக்கிறது, பிரபு. கேட்க ஆளில்லாமல் இன்னும் போணியாகவில்லை." மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சொல்லும்."

"ஒரு ராஜா சந்தைக்குப் போய் ஊர்ப் பானையெல்லாம் வாங்கி வந்தாராம். ராணி கேட்டாளாம்: 'பானை சரி, இதில் எதைப் பொங்குவது? நெல்லைத்தான் கொடுத்துவிட்டு வந்தீர்களே!'"

ராஜா திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வாசலில் வைத்தார். "நாளையே களஞ்சியம் திறக்கும். இனிப் புதன்தோறும் யாம் வருவோம். முதல் போணி உம்மிடம்தான்!"

மாலையை எடுக்கக்கூட கூத்தபிரான் கதவைத் திறக்கவில்லை. பக்கத்துச் சுவரில் காதை வைத்துக் காத்திருந்தார்.

"சும்மா கெடய்யா, பாவி மனுசா!" என்று கேட்டது பேச்சியாயி குரல்.