கற்பனைக்குப் படையல் வைத்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அது ஓர் எழுத்தாளர். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா, குழந்தைகளே? அதுவே சொன்னது.

ஒரு வரி எழுதுவதற்கு முன்பே அது தனக்குப் புனைபெயர் வைத்துக்கொண்டது. கானகநேசன் என்பது அந்தப் பெயர். முதுகு நிறைய எழுத்தாணியோடு பிறந்த விலங்கு தான் ஒன்றுதான் என்பதில் அதற்குப் பெருமை தாங்காது. மெல்லிய முள் கவிதைக்கு, தடித்த முள் சரித்திரக் கதைக்கு, நுனி வளைந்த முள் துப்பறியும் கதைக்கு என்று பிரித்தும் வைத்திருந்தது. ஆனால் ஒன்றைக்கூடப் பிடுங்கியதில்லை. பிடுங்கினால் வலிக்கும் அல்லவா?

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் தாழ்வான வளைகளுக்குள் புகுந்துவிடும். அதனால் எல்லா விலங்குகளும் மேட்டில் உள்ள பெரிய குகைக்குக் குடிபோகும். குகையில் இடம் வேண்டுமானால் கோடையில் பொதுவேலை ஒன்று செய்திருக்க வேண்டும். யானைகள் பாதை வெட்டும். குரங்குகள் தரையில் சருகு பரப்பும். முள்ளம்பன்றியை வாசலில் மண் அணைக்கச் சொன்னார்கள்.

"நான் எழுத்தாளன். மண் சுமந்தால் என் விரல்கள் என்ன ஆவது? மழை முழுக்க நீங்கள் கேட்டு மகிழ ஒரு கதை எழுதித் தருகிறேன்," என்றது முள்ளம்பன்றி.

காட்டுக்குத் தலைவியான யானை யோசித்துத் தலையாட்டியது. "சரி. மழைக்கு முந்திய கூட்டத்தில் கதையைப் படி. கதை இல்லை என்றால் குகையும் இல்லை."

கோடை முழுதும் முள்ளம்பன்றி கடுமையாக உழைத்தது. காலையில் எழுந்து ஓலையைத் தட்டி நேராக்கும். வெயில் இடமிருந்து விழுகிறதே என்று வலப்பக்கம் நகர்ந்து உட்காரும். உட்கார்ந்ததும் தாகம் எடுக்கும். ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், நடந்த களைப்பு தீரக் கொஞ்சம் படுக்க வேண்டியிருக்கும். எழுந்து பார்த்தால் வெயில் வலப்பக்கம் வந்திருக்கும். எனக்கும் இப்படி ஒருவரைத் தெரியும். பெயரைச் சொல்லமாட்டேன். அவர்தான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வளைக்கு மேலே நின்ற மரத்தில் ஒரு மரங்கொத்தி விடிந்ததும் டொக் டொக்கென்று கொத்தத் தொடங்கும். ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம். முள்ளம்பன்றிக்கும் அந்தச் சத்தம்தான் கதையைக் கெடுத்தது.

"உள்ளே புழு இருப்பது தெரிந்துதான் கொத்துகிறாயா?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டது.

"கொத்தினால்தானே தெரியும்," என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி மறுபடியும் கொத்தியது.

இந்த மாதிரிப் பறவைகளோடு இலக்கியம் பேசமுடியாது என்று முள்ளம்பன்றி காதைப் பொத்திக்கொண்டது.

அந்த வழியாக ஒரு நரி வந்தது. வளைக்குள் மழைக்காலத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த வள்ளிக்கிழங்கும் விளாம்பழமும் தேனடையும் பலாச்சுளையும் அதன் கண்ணில் பட்டன. ஓலை வெறுமையாக இருந்ததும் கண்ணில் பட்டது. நரிக்கு இரண்டையும் கூட்டிப் பார்க்கத் தெரியும்.

"கானகநேசரே," என்று கும்பிட்டது நரி. புனைபெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்லை. முள்ளம்பன்றி உருகிப்போனது. தனக்கு இன்னும் கற்பனை வரவில்லை என்று மனம்விட்டுச் சொன்னது.

"கற்பனை எப்படி வரும்? அவள் கூச்சம் மிகுந்த தேவதை. படையல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தால்தான் வருவாள்," என்றது நரி. "கவிதைக்குத் தேன் வைக்க வேண்டும். சரித்திரத்துக்குப் பழைய கிழங்கு."

முள்ளம்பன்றி முதலில் கவிதை எழுதுவதாக முடிவு செய்து, தேனடையை வைத்துவிட்டுக் கண்ணை மூடியது. சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது தேனடை இல்லை. வந்தவள் கவிதைதான் என்றும், ஓலையில் ஒரு சுருக்கத்தைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றும் நரி வருத்தத்தோடு சொன்னது. சரித்திரக் கதைக்குப் பழைய கிழங்கு போனது. துப்பறியும் கதைக்கு விளாம்பழம் போனது.

"இத்தனையையும் யார்தான் தின்றிருப்பார்கள்?" என்று முள்ளம்பன்றி கொஞ்சம் சந்தேகப்பட்டது.

"யார் என்று கடைசிவரை தெரியக்கூடாது. அதுதான் நல்ல துப்பறியும் கதை," என்றது நரி, வாயைத் துடைத்தபடி.

மீதி இருந்தது பலாச்சுளைகளும் அடுக்கி வைத்த புதுக் கிழங்குகளும்தான். பேய்க்கதைக்கு உரியவள் வெளிச்சத்துக்கு வரமாட்டாளாம். அதனால் முள்ளம்பன்றி வளைக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நரி உள்ளே போனது, தேவதைக்குத் துணையாக. நெடுநேரம் கடித்து மெல்லும் சத்தம் கேட்டது. முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு பசியோடு வந்திருக்கிறாள் என்றால் பெரிய நாவலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் விடிந்தபோது வானத்தின் ஓரத்தில் கருமேகம் கூடியிருந்தது. குரங்கு ஒன்று மரத்துக்கு மரம் தாவி, நாளைக்குக் கூட்டம் என்று அறிவித்துக்கொண்டே போனது. முள்ளம்பன்றி வளைக்குள் பார்த்தது. ஒரு கிழங்கின் தோல்கூட இல்லை. ஓலையிலும் ஒன்றும் இல்லை.

அது நரியைத் தேடி ஓடியது. நரி வயிறு உப்பி மல்லாந்து கிடந்தது.

"வைத்த படையலைத் திருப்பிக் கேட்பது பாவம்," என்று சொல்லி ஒரு பெரிய ஏப்பம் விட்டது. ஏப்பத்தில் பலாச்சுளை மணத்தது. துப்பறியும் கதை எழுதப் புறப்பட்டவருக்கு அப்போதுதான் துப்புக் கிடைத்தது.

வரும் வழியெல்லாம் முள்ளம்பன்றி அழுதது. கிழங்கும் போய்விட்டது, இனிக் குகையும் போய்விடும், வெள்ளத்தில் எங்கே போய் நிற்பது என்று பயந்து நடுங்கியது. வளைக்கு வந்து சேர்ந்தபோது பயம் போய்க் கோபம் வந்திருந்தது. நரியின் மேல் பாதிக் கோபம். தன் மேல் மீதி. தலைவியிடம் ஒரு புகாராவது கொடுக்கவேண்டும் என்று முதுகில் கைக்கு அகப்பட்ட முள்ளைப் பிடுங்கியது. மெல்லியதா, தடித்ததா என்று பார்க்கவில்லை. வலித்தது. அந்த வலியோடு எழுத உட்கார்ந்தது.

வெயில் இடப்பக்கம் விழுந்தது, வலப்பக்கமும் விழுந்தது. தலைக்கு மேலே மரங்கொத்தி நாளெல்லாம் கொத்தியது. முள்ளம்பன்றி நிமிரவில்லை.

கூட்டத்தில் யானை கதையைப் படிக்கச் சொன்னது. கதை எழுதவில்லை, புகார்தான் இருக்கிறது என்று தலையைக் குனிந்தபடி சொல்லி, முள்ளம்பன்றி ஓலையைப் படித்தது.

ஓலைச் சுருக்கத்தைக் கண்டு கவிதை கோபித்துக்கொண்ட இடத்தில் குரங்குகள் உருண்டு புரண்டு சிரித்தன. வளைக்குள் கேட்ட மெல்லும் சத்தம் வந்தபோது மான்குட்டிகள் தாயின் கால்களுக்கு இடையில் ஒளிந்துகொண்டன. வெறும் வளையைப் பார்த்து அழுத இடத்தில் காட்டெருமை மூக்கை உறிஞ்சியது. முள்ளம்பன்றிக்கோ அவமானமாக இருந்தது. தான் அழுதுகொண்டே எழுதியதற்கு எல்லாரும் சிரிக்கிறார்களே என்று நினைத்தது. ஆனாலும் கடைசி வரிவரை படித்து முடித்தது.

"இது என்ன வகை?" என்று யானை கேட்டது. "கவிதையா, பேய்க்கதையா, துப்பறியும் கதையா?"

"தெரியவில்லை, தாயே. புகார் என்றுதான் தொடங்கினேன்."

"எதுவாக இருந்தாலும் மழை முடியும்வரை இதைத் தினமும் படி. உனக்குக் குகையில் இடம் உண்டு," என்றது யானை.

எல்லார் கண்ணும் நரியின் மேல் திரும்பியது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல நரி முழித்தது. பிறகு சமாளித்துக்கொண்டு, கற்பனையை வரவழைத்ததே நான்தானே என்றது.

"அப்படியானால் நீயும் இலக்கியத்துக்கு உழைத்தவன். தொடர்ந்து உழை. முள்ளம்பன்றிக்கு வேண்டிய கிழங்கை மழை முழுக்க நீயே தோண்டிக் கொடு," என்றது யானை.

நரி சேற்றில் இறங்கித் தோண்டியது.

அடுத்த கோடை வந்தது. முள்ளம்பன்றியின் வளை நிறையக் கிழங்கு இருந்தது. ஓலையில் ஒன்றும் இல்லை. அது இடப்பக்கம் உட்கார்ந்து பார்த்தது, வலப்பக்கம் உட்கார்ந்து பார்த்தது. பிறகு எழுந்து நேராக நரியிடம் போனது.

"நரியாரே, போன வருஷம் போல என் வளைக்கு வந்து கொஞ்சம் தின்றுவிட்டுப் போகக்கூடாதா?"

நரி தேய்ந்துபோன தன் நகங்களைப் பார்த்தது. "வேண்டாம் சாமி. உனக்குக் கற்பனை வந்தால் எனக்கல்லவா வேலை வருகிறது," என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தது.

இனி யாரிடம் போய்க் கேட்பது? முள்ளம்பன்றி வளைக்குத் திரும்பி, மரங்கொத்தி கொத்திக்கொண்டிருந்த மரத்தடியில் உட்கார்ந்தது. பெருமூச்சு விட்டது. முதுகில் ஒரு முள்ளைப் பிடுங்கியது. இந்த முறையும் வலித்தது.

நீதி: வாசலைப் பார்த்துக் காத்திருப்பவனுக்கு நரிதான் வரும், உட்கார்ந்து எழுதுபவனுக்கே கற்பனை வரும்.