கருமந்தி அடைத்த பரண்

"குளிர் வாசல் வழியாக உள்ளே வருவதில்லை, சூடுதான் மேலே ஏறி..." என்று முயலின் தந்தை ஏதோ சொல்வதுண்டு. மீதி என்னவென்று முயலுக்கு நினைவில்லை.

ஒரு காட்டில், மலையுச்சியை ஒட்டி நின்ற கிழட்டு நாவல் மரத்தின் அடிப்பொந்தில் அந்த முயல் குடியிருந்தது. கூடவே அதன் மனைவியும் மூன்று குட்டிகளும். கடைசிக் குட்டி மிகவும் சின்னது. மற்ற இரண்டுக்கும் நடுவில் படுத்தால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

பொந்து நல்ல பொந்துதான். ஆனால் அதற்கு மேலே மரம் கூடாக இருந்தது, ஒரு பரணைப் போல. கீழே எல்லாரும் ஒட்டிப் படுத்து, மூச்சுவிட்டுச் சேர்த்த சூடு முழுவதும் அந்தப் பரணுக்குள் ஏறி, மரத்தின் வெடிப்புகள் வழியாக வெளியே போய்விடும். மார்கழி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மலையில் மார்கழி என்றால் புல் நுனியெல்லாம் உறைபனி.

"பரணை அடைத்தால்தான் இந்தச் சின்னது தாங்கும்" என்றது பெண்முயல்.

முயலுக்கு மரம் ஏறத் தெரியாது. அது பக்கத்துப் பாறையிடுக்கில் வாழ்ந்த கீரியிடம் போயிற்று.

"அண்ணே, உங்க வீட்டு மேல்பக்கத்தை யார் அடைச்சுக் கொடுத்தது?"

"கருமந்தி மேஸ்திரி."

"வேலை எப்படி?"

கீரி தன் வாலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டது. பிறகு, "அருமையான வேலை தம்பி. கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கலாம்" என்றது.

கருமந்தி வந்தது. பொந்துக்குள் நுழைந்து மேலே பார்த்து, உச்சுக் கொட்டியது.

"முன்னாடி இருந்தவங்க என்ன செஞ்சு வெச்சிருக்காங்க பாருங்க. இதுக்குள்ளே எப்படித்தான் குடியிருந்தீங்களோ?"

"அடைக்க முடியுமா மேஸ்திரி?"

"புலியார் குகையே நம்ம வேலைதான். முதல்லே காய்ஞ்ச பாசி, நடுவிலே இலவம்பஞ்சு, அதுக்கு மேலே மறுபடியும் பாசி. முடிச்சிட்டுப் போனா, மார்கழியிலே உங்களுக்கு வேர்க்கும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். வேலை நடக்கிறப்போ யாரும் உள்ளே இருக்கக்கூடாது. பாசித் தூசி குழந்தைங்களுக்கு ஆகாது."

"பார்த்தாயா, என்ன அக்கறை" என்றது முயல் மனைவியிடம்.

அன்று முழுவதும் முயல் குடும்பம் ஒரு புதருக்கடியில் காத்திருந்தது. வெயில் சாயும் நேரத்தில் கருமந்தி கூப்பிட்டது. பொந்தின் கூரையில் பரணுக்குப் போகும் துளை முழுவதும் அடர்த்தியாகப் பாசி நிறைந்திருந்தது.

"கையை விட்டுப் பாருங்க."

முயல் பின்னங்கால்களில் எழும்பி நின்று முன்னங்காலைப் பாசிக்குள் விட்டது. தோள் வரைக்கும் போயிற்று. அதற்கு மேலும் பாசி.

"இவ்வளவு கனமாவா போட்டிருக்கீங்க?"

"குழந்தைங்க இருக்கிற வீடு. கொஞ்சம் தாராளமாத்தான் போட்டேன்."

பெண்முயல் கணவனின் காதருகே வந்தது. "அணிலைக் கூப்பிட்டு உள்ளே ஒரு சுற்று பார்க்கச் சொல்லலாமா?"

"சும்மா இரு. அவர் எதிரிலேயே ஆளை விட்டுச் சோதித்தால் என்ன நினைப்பார்? பெரிய இடத்துக்கெல்லாம் வேலை செய்கிறவர்."

முயல் குளிருக்கென்று சேர்த்து வைத்திருந்த கிழங்கைக் கூலியாகக் கொடுத்தது. கருமந்தி வணக்கம் சொல்லிவிட்டு மரத்துக்கு மரம் தாவிப் போய்விட்டது.

மறுநாள் முயல் அக்கம்பக்கத்தை எல்லாம் அழைத்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் பாசிக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். காட்டுப்பூனை, "புலியார் வீட்டு வேலை மாதிரியே இருக்கு" என்றது. கீரியும் கையை விட்டது. "ஆகா" என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னது கீரிதான்.

மார்கழி வந்தது. பொந்து பழையபடியே குளிர்ந்தது.

"சூடு நிற்கிற மாதிரித் தெரியவில்லையே" என்றது பெண்முயல்.

"பாசி படிந்து இறுக வேண்டாமா? கொஞ்ச நாள் ஆகும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார்."

மேஸ்திரி அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு விடியற்காலை இரண்டு குட்டிகள் எழுந்தன. நடுவில் படுத்திருந்தது எழவில்லை.

அதைப் பெரணிச் செடிகளுக்குக் கீழே புதைத்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் முயல், "பிறந்ததிலிருந்தே அது பலவீனம்தான்" என்றது.

மனைவியும் குட்டிகளும் மேயப் போயிருந்தபோது, முயல் கற்களை உருட்டி வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அதன்மேல் ஏறி, பாசியைப் பிளந்துகொண்டு தலையைப் பரணுக்குள் நீட்டியது.

துளையைச் சுற்றி மட்டும், சூடு புகுந்து போகும்படி உதிரியாகப் பாசி குவிந்திருந்தது. அதைத் தாண்டி ஒரு கைப்பிடிப் பஞ்சுகூட இல்லை. வெற்றுமரம். வெடிப்புகளில் வானம் தெரிந்தது. ஒரு மேகம் நகர்ந்து போவதுகூடத் தெரிந்தது.

முயல் இறங்கி, கலைந்த பாசியைப் பழையபடி சரிசெய்துவிட்டு, கற்களை வெளியே தள்ளியது. பிறகு நேராகக் கீரியிடம் போயிற்று.

"அண்ணே, உங்க வீட்டுக் கூரைக்குள்ளே என்னிக்காவது தலையை விட்டுப் பார்த்திருக்கீங்களா?"

கீரி சுற்றுமுற்றும் பார்த்தது. "மெதுவாப் பேசு."

"பார்த்திருக்கீங்களா?"

"பார்த்தேன். போன மார்கழியிலேயே பார்த்தேன்."

"தெரிஞ்சுமா எனக்கு அவனைச் சொன்னீங்க?"

"வேறே என்ன சொல்றது? புலியார் வீட்டு மேஸ்திரிதான் எனக்கும் அடைச்சாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். ஒரு குரங்கு என்னை முட்டாளாக்கிடுச்சுன்னு உன்கிட்டே வந்து சொல்லவா?"

"என் குட்டி செத்துப்போச்சு அண்ணே."

கீரி தரையைப் பார்த்தது. பிறகு, "நாளைக்கு யாராவது உன்கிட்டே கேட்டா மட்டும் நீ என்ன சொல்லப்போறே?" என்றது.

முயல் திரும்பி வந்தது.

அடுத்த ஆண்டு குளிர் தொடங்குமுன் கீழ்க்காட்டிலிருந்து ஒரு முள்ளம்பன்றி குடியேறியது. அதன் மனைவி நிறைமாதம். அவர்களுக்குக் கிடைத்ததும் மேலே கூடாக இருந்த ஒரு மரப்பொந்துதான். முள்ளம்பன்றி நாவல் மரத்தடிக்கு வந்து நின்றது.

"உங்க பரணைப் பத்தி எல்லாரும் பெருமையாச் சொல்றாங்க. குழந்தை பிறக்கிறதுக்குள்ளே எங்களதையும் அடைச்சாகணும். யார் செஞ்ச வேலை அது? நல்லா இருக்கா?"

பொந்துக்குள் பெண்முயல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பரண் துளையில் பாசி இன்னும் கனமாகத்தான் தெரிந்தது.

முயல் தன் வாலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டது.

"கருமந்தி மேஸ்திரி. அருமையான வேலை" என்றது. பிறகு, கருமந்தி இருக்கும் மரத்தைத் தானே காட்டிவிடுவது என்று முடிவு செய்து, முள்ளம்பன்றிக்கு முன்னால் நடந்தது.

நீதி: ஏமாந்ததை வெட்கப்பட்டு மறைக்கிறவன், ஏமாற்றியவனுக்குக் கூலியில்லாமல் ஆள் பிடித்துக் கொடுக்கிறான்.