பாறை, பெயர்

பாறைக்குடியில் முதலில் இருந்தது மலை. மலையை வெட்ட ஆட்கள் வந்தார்கள். ஆட்களுக்குச் சோறாக்க அடுப்புகள் வந்தன. அடுப்பைச் சுற்றி வீடு, வீட்டைச் சுற்றித் தெரு, தெருமுனையில் சந்தை என்று சின்னதாய் ஒரு நகரமே எழுந்துவிட்டது. அதை ஆண்ட வீரகண்ட ராயர் ஒரு நாளும் அங்கே போனதில்லை. அந்த ஊரை அவருடைய பாதங்களுக்கு மட்டும் தெரியும். அரண்மனைத் தரை முழுக்க அந்த ஊர்க் கல்தான்.

மலையெல்லாம் வண்டியேறிப் போய், கடைசியில் ஒரே ஒரு பாறை மிஞ்சியது. அதன் அடியில் ஒரு சுனை. ஊருக்குக் குடிதண்ணீர் அது மட்டும்தான். பாறையைப் பெயர்த்தால் சுனை தூர்ந்துபோகும். ராயரின் பிரதானி குமாரதேவருக்கோ அந்தப் பாறைமேல்தான் கண். வெற்றி மண்டபம் கட்ட வேண்டுமாம். எந்தப் போரில் வெற்றி என்று கேட்கக்கூடாது. மண்டபம் முதலில், போர் பிறகு.

சபையில் ஓலை வாசிக்கும் கோமளை கேட்டுவிட்டாள். கேட்காமல் இருக்க அவளுக்கு வராது.

"தண்ணீரை மூடிவிட்டு மண்டபம் கட்டினால், அங்கே நின்று உங்களை வாழ்த்தப்போவது யார் மன்னா? நாக்கு வறண்டவர்களா?"

"இந்த அம்மணிக்குக் குறை சொல்ல மட்டும்தான் தெரியும்" என்றார் பிரதானி. "கல்லால் செழித்த ஊர் அது. அதற்கென்ன கேடு?"

ராயருக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. "கோமளை, அந்த ஊரைப் பற்றிச் சபைக்குச் சொல். குறை ஒன்றும் சொல்லக்கூடாது. பொய்யும் கலக்கக்கூடாது. சொல்லி முடித்தால், பாறையை என்ன செய்வதென்று யோசிக்கிறேன்."

கோமளை தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பாறைக்குடியைப் போலக் கொடையாளி ஊர் இல்லை மன்னா. கோயில் மதில் அது கொடுத்தது. கோட்டைச் சுவர் அது கொடுத்தது. வெட்டிய கல்லில் தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. வீடெல்லாம் மண்சுவர்."

"பலே" என்றார் ராயர்.

"மலைவளம் இன்னும் குறையவில்லை. ஒவ்வொரு மலையும் அதே அளவில் அங்கேதான் இருக்கிறது. என்ன, தலைகீழாக இருக்கிறது. நாம் அதைப் பள்ளம் என்கிறோம்."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"பெண்கள் முகப்பூச்சுக்கு அலைவதில்லை. விடிந்தால் காற்றே வெள்ளை பூசிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வயதானவர்களை யார் பார்த்துக்கொள்வது என்ற சண்டை அந்த ஊரில் ஒரு வீட்டிலும் கிடையாது."

"அடடே. பிள்ளைகள் அவ்வளவு நல்லவர்களா?"

"பிள்ளைகள் எங்கும் போலத்தான் மன்னா. வயதானவர்கள்தான் இல்லை. கல்தூசி அவ்வளவு தூரம் யாரையும் விட்டுவைப்பதில்லை."

ராயர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது குறை சொல்வதுதானே?" என்றார் பிரதானி.

"எந்தச் சொல் குறை? எடுத்துக் காட்டுங்கள் ஐயா. சண்டை இல்லாத வீடு குறையா?"

பிரதானியால் எடுத்துக் காட்ட முடியவில்லை. ஆனால் தோற்றுப்போன அரசர்கள் நியாயம் பேசுவதில்லையே. கோபம் வந்தால் ராயருக்கு வாக்கியம் சுருங்கிவிடும்.

"யோசிக்கிறேன் என்றேன். யோசித்தாயிற்று. பாறை. பெயர். பௌர்ணமிக்குள். நீயே போய்ச் சொல். என் வாக்கில் ஒரு எழுத்துக் கூட்டாதே, குறைக்காதே."

கோமளை போனாள். செய்தி அவளுக்கு முன்பே ஊர் சேர்ந்திருந்தது. பாறைக்குடியில் கல்தச்சர்களின் தலைவன் மாசாணம், சுனையோரம் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். குடத்தோடு நின்ற அவன் மனைவி வீராயிதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஏந்தாயி, மலை மொத்தமும் குடுத்தமே. இந்தத் தண்ணியுமா ராசாவுக்குத் தொண்டையில சிக்குது?"

"மன்னர் வாக்கை மட்டும் சொல்கிறேன் அக்கா. 'பாறை. பெயர். பௌர்ணமிக்குள்.' அவ்வளவுதான்."

"பேத்துப் போடச் சொல்றாரு" என்றான் மாசாணம், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"அப்படியா சொன்னேன்? பெயர் என்றால் உங்கள் ஊரில் என்ன அர்த்தம்?"

மாசாணம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மீசை மெல்ல அகன்றது. "பெயருன்னா... பேருதான தாயி. அரமனைத் தமிழுக்கு நாங்க என்னத்தக் கண்டோம்?"

பௌர்ணமியன்று ராயர் பரிவாரத்தோடு வந்து இறங்கினார். பின்னால் காலி வண்டிகள். பாறை அசையாமல் நின்றது. அதன் நெற்றியில் ஆள் உயர எழுத்தில் 'வீரகண்ட ராயர்' என்று வெட்டியிருந்தது. ராயர் அதை ஒரு தரம் வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். முதுகு தானாக நிமிர்ந்தது.

பிரதானிதான் கொதித்தார். "உத்தரவை மீறிவிட்டார்கள்."

"பாறை, பெயர் என்றார் மன்னர்" என்றாள் கோமளை. "இதோ பாறை. இதோ பெயர். எழுத்துக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை."

"விளையாடாதே பெண்ணே" என்றார் பிரதானி. "டேய் மாசாணம், எழுத்தைக் கொத்தி எடு. பிறகு பாறையைப் பெயர்."

மாசாணம் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். ஊரே அவனுக்குப் பின்னால் நின்றது. ராயர் பிரதானியைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். தம் பெயரைத் தாமே கொத்தச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஏன் நிற்கிறான் இவன்?" என்று கோமளையிடம் கேட்டார்.

"அவன் வெட்கப்படுகிறான், நான் சொல்கிறேன் மன்னா. உங்கள் பெயரைக் கெடுக்கிற வேலையைப் பிரதானியார் இத்தனை நாளாய்த் தனி ஆளாகத் திறம்படச் செய்துவருகிறார். அதில் தான் வேறு எதற்குக் கைவைக்க வேண்டும் என்று நினைக்கிறான்."

முதலில் சிரித்தது வீராயி. பிறகு வண்டிக்காரர்கள். கடைசியில், வேறு வழியில்லாமல், ராயர். சிரித்து முடித்ததும் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கோமளையிடம் நீட்டினார். வண்டிகளைத் திருப்பச் சொன்னார்.

வெயில் ஏறியிருந்தது. ராயருக்குத் தாகம். வீராயி சுனையில் ஒரு செம்பு மொண்டு நீட்டினாள்.

"குடிங்க ராசா. உங்க பேரு போட்ட தண்ணி."