இடையாற்று நாட்டை மாற்றியவன்

முன்னொரு காலத்தில், மூன்று உலகங்களும் மன்னர் திரிபுவனசிங்கரின் குடை நிழலில்தான் மூச்சுவிட்டன. சூரியன்கூட அவர் கண்விழித்த பிறகே உதித்தான். கல்வெட்டு அப்படித்தான் சொல்கிறது. கல்வெட்டை வெட்டச் சொன்னவர் மன்னர். மூன்று உலகம் என்று அதில் இருப்பது ஏழு நாடு. அந்த ஏழும் ஒருநாளாவது ஒரே பேச்சுப் பேசியதில்லை.

ஏனென்றால் அங்கே கட்சிகள் இரண்டு. மாடி வீடும் கடைவீதியுமாக இருந்த நகரத்தார் மாடக் கட்சி. அவர்கள் கொடி நீலம். வயலும் வாய்க்காலுமாக இருந்த நாட்டுப்புறத்தார் மடைக் கட்சி. அவர்கள் கொடி பச்சை. ஆண்டுதோறும் மன்னரின் பிறந்தநாளன்று ஒவ்வொரு நாட்டின் தலையூரிலும் ஒரு குடம் வைப்பார்கள். மாடக் கட்சிக்காரர் அதில் சோழி போடுவார். மடைக் கட்சிக்காரர் புளியங்கொட்டை போடுவார். எது மிகுதியோ, அந்தக் கட்சியின் கொடி ஓராண்டுக்கு அந்த நாட்டில் பறக்கும்.

கடலோரத்து மூன்று நாடுகளில் எப்போதும் நீலம். உள்ளே இருந்த மூன்று நாடுகளில் எப்போதும் பச்சை. நடுவில் கிடந்த இடையாற்று நாடு மட்டும் ஓராண்டு நீலம், ஓராண்டு பச்சை. அது சாய்ந்த பக்கம் அரண்மனையும் சாயும். திரைச்சீலை மாறும், தலைமை அமைச்சரின் தலைப்பாகை மாறும், மன்னரின் காலை உணவும் மாறும். நீலம் வென்றால் நெய்யப்பம். பச்சை வென்றால் கம்பங்கூழ். அப்பத்துக்குப் பழகிய வயிறு கூழைக் கண்டு திகைக்கும். கூழுக்குப் பழகி வரும் நேரத்தில் மறுபடி அப்பம் வந்து நிற்கும்.

ஒருநாள் காலையில், கூழ் முடிந்து அப்பம் தொடங்கியிருந்த சமயம், மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தார்.

"இடையாற்று நாட்டில் எவனோ ஒருவன் மாறிக்கொண்டே இருக்கிறான். அவன் யார் என்று நமக்குத் தெரிய வேண்டும். இதே சபையில் அவனுக்கு மொட்டை அடிக்க வேண்டும்!"

தலைமை அமைச்சர் விழுப்பரையர் எழுந்தார். அன்றைக்கு அவர் தலையில் நீலத் தலைப்பாகை.

"மன்னர் பெருமானின் சித்தமே எங்கள் பாக்கியம். அவனைப் பிடித்து வரும் பொறுப்பை நம் சபை விகடர் சாத்தையனிடமே ஒப்படைக்கலாம். முடியாமற்போனால் இடையாற்று நாட்டின் குடத்தை உடைத்துவிடுவோம். அந்த மக்களுக்கு இனிமேல் சோழியும் வேண்டாம், கொட்டையும் வேண்டாம். அடியேனே அந்த நாட்டை மேற்பார்த்துக்கொள்கிறேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

இடையாற்று நாடு சாத்தையனின் மனைவிக்குப் பிறந்தகம். யாரைப் பிடித்தாலும் ஏதோ ஒரு வகையில் மைத்துனன். பிடிக்காவிட்டாலோ, அந்த மைத்துனர்கள் எல்லோருக்கும் விழுப்பரையர் எசமான். அமைச்சர் இதைத் தெரிந்துதான் தூண்டிலைப் போட்டிருந்தார்.

சாத்தையன் முதலில் பெரிய மைத்துனன் மாரப்பனின் வயலுக்குப் போனான். மாரப்பன் வரப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாப்ளே! அரமனையில சோறு போடறாங்களா இல்லியா? இப்படி எளச்சிட்டீங்க?"

"மச்சான், மறைக்காம சொல்லு. நீ கட்சி மாறினியா?"

மாரப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யாரு, நானா? எங்கப்பன் காலத்துலேர்ந்து பச்சை மாப்ளே! இந்தச் சுத்துப்பட்டுல ஒரு பய மாறல. மாறியிருந்தா ஒங்க சின்ன மச்சான் மாறியிருப்பான். பட்டணத்துக்குப் போயி எண்ணெக்கடை வச்சதும் அண்ணன் கண்ணுக்குத் தெரியல."

"போன தடவை கொட்டை போட்டியா?"

"போன தடவை எங்க போனேன்? நடவுல்ல! ஆத்துல வெள்ளம் வேற, ஓடக்காரனே கரையேறிட்டான். மகாராசா ஐப்பசியில பொறந்தா நாங்க எப்படிப் போறது?"

"அதுக்கு முந்தின தடவை?"

"அப்பப் போனேனே! அப்ப அவரு சித்திரையில பொறந்தாரு. ஆத்துல தண்ணியில்ல, வயல்ல வேலையில்ல. ஊரே சோறு கட்டிக்கிட்டுப் போயி கொட்டை போட்டுட்டு வந்தோம்."

சாத்தையன் எழுந்து நின்றுவிட்டான். புறப்படும்போது மாரப்பன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான். "அவனுக்கு மழைக்காலத்துல முட்டி வலிக்கும். ஊரு பூரா எண்ணெ விக்கிறானே, தன் முட்டிக்கு ஒரு சொட்டாவது தேய்க்கிறானா?"

நகரத்தில் சின்ன மைத்துனன் மாசிலாமணி கடையில் எண்ணெய் அளந்துகொண்டிருந்தான்.

"நான் மாறுறதா? மாமா, இந்தக் கடைவீதியே நீலம். பட்டிக்காட்டு ஆளுங்கதான் வருசத்துக்கு ஒரு பேச்சுப் பேசுவாங்க."

"சித்திரையில சோழி போட்டியா?"

"சித்திரையில நான் எங்க இருந்தேன்? தேர்த்திருவிழா எத்தனை ஊர்ல நடக்குது! கடைவீதியில அத்தனை பேரும் வண்டி கட்டிக்கிட்டுக் கெளம்பிருவோம். வீட்டுக்குக் காவலா பூனைதான் இருக்கும். மகாராஜா ஐப்பசியில பொறந்தா நமக்குத் தோது. அடை மழை, யாவாரம் கெடையாது, கால்நடையாப் போயி போட்டுட்டு வந்துரலாம்." கையிலிருந்த உழக்கைக் கீழே வைத்தான். "அண்ணன் வீட்டுச் செவலப் பசு கன்னு போட்டுருச்சா மாமா? நான் கேட்டேன்னு சொல்லாதீங்க."

மறுநாள் சாத்தையன் சபைக்கு வந்தான். கூடவே அரண்மனை நாவிதரையும் அழைத்து வந்தான்.

"அரசே, குற்றவாளி இந்தச் சபையிலேயே இருக்கிறார். ஆனால் அடியேன் எளியவன். அவர் பெரிய மனிதராக இருந்தால் தண்டனை தளர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்."

யாரோ ஒரு மைத்துனன் கூட்டத்தில் நிற்கிறான் என்று எண்ணி விழுப்பரையர் துள்ளி எழுந்தார். "எவ்வளவு பெரியவராக இருந்தால் என்ன? மன்னர் வாக்கு மாறாது! மொட்டை என்றால் மொட்டைதான்!"

"ஆம், மொட்டைதான்" என்றார் மன்னர்.

சாத்தையன் கைகூப்பினான். "ஒரு சிறு ஐயம். மன்னர் பெருமானே, தாங்கள் எந்த மாதத்தில் பிறந்தீர்கள்?"

மன்னர் யோசித்தார். "இந்த ஆண்டா, போன ஆண்டா?"

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே அது வழக்கமான கேள்வி. மன்னரின் ஜாதக ஓலையைக் கறையான் தின்று பல காலம் ஆகியிருந்தது. அதிலிருந்து, மாம்பழம் தின்ன ஆசை வந்தால் சித்திரையில் பிறப்பார். மழையில் யானை ஊர்வலம் பார்க்க ஆசை வந்தால் ஐப்பசியில் பிறப்பார். எந்த மாதமானாலும் அதுவே உத்தமமான நட்சத்திரம் என்று விழுப்பரையர் சொல்லிவிடுவார்.

"அரசே, தாங்கள் ஐப்பசியில் பிறந்தால் நாட்டுப்புறத்தார் சேற்றில் நிற்கிறார்கள், குடத்தில் சோழி நிறைகிறது. சித்திரையில் பிறந்தால் நகரத்தார் திருவிழாவில் நிற்கிறார்கள். குடத்தில் கொட்டை நிறைகிறது. இடையாற்று நாட்டில் ஒருவனும் மாறவில்லை. மாறுகிறவர்கள் இருவர், இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒருவர் பிறந்தநாளை மாற்றுகிறார். மற்றவர் தலைப்பாகையை மாற்றுகிறார்."

அத்தனை கண்களும் விழுப்பரையரின் தலைக்குப் போயின. அவர் நீலத் தலைப்பாகையை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தார். பதற்றத்தில் அது நழுவியது. உள்ளே, அவசரத்துக்கு உதவும் என்று, பச்சைத் தலைப்பாகை ஒன்று கட்டியிருந்தது.

மன்னரின் தொடை முதலில் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு சிம்மாசனம். "அமைச்சரே, கூழும் அப்பமும் ஒரே தட்டில் வைத்திருக்கிறீரே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"இனி மாசி மாதத்தில் பிறந்தருள வேண்டும், அரசே" என்றான் சாத்தையன். "அறுவடை முடிந்திருக்கும், வண்டிகள் கிளம்பியிருக்காது. அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் குடத்தடிக்கு வருவார்கள்."

"மாசியில் மாம்பழம் கிடையாதே!" என்று ஏங்கிய மன்னர், பெருமூச்சோடு தலையசைத்தார். "சரி. அதன் பிறகும் அந்த நாடு மாறினால்?"

"அப்போது மாறுவது மக்கள், அரசே. அதற்கு மொட்டை கிடையாது."

மன்னர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையனுக்குப் போட்டார். இடையாற்று நாட்டின் குடம் உடைபடாது என்று அங்கேயே ஆணை பிறந்தது. நாவிதர் கத்தியைத் தீட்டினார். விழுப்பரையரின் கொண்டை, பச்சைக்கும் நீலத்துக்கும் பொதுவாக வளர்ந்திருந்த அந்த அழகான கொண்டை, தரைக்கு வந்தது. அவர் குளிர்ந்த மண்டையைத் தடவிக்கொண்டு, மாறுகிறவர்களில் அடுத்தவர் இருந்த சிம்மாசனத்தைப் பார்த்தார்.

"நம் வாக்கு நமக்கும் உண்டு!" என்று முழங்கிய மன்னர், சிரிப்பின் வேகத்தில் தாமே மகுடத்தைக் கழற்றினார்.

சிரைப்பதற்கு அங்கே முடி இல்லை.